104 ரன் மிச்சம் இருந்தும் பிளேஆஃப் இல்லை: 2023 பாட்ரெஸ் சீசனை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஒன்பதாம்_இன்னிங்ஸ்

2023 மேஜர் லீக் பேஸ்பால் முடிவுப் பட்டியலில் ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. சான் டியேகோ பாட்ரெஸ் 162 ஆட்டத்தில் 752 ரன் எடுத்து 648 ரன் கொடுத்திருக்கிறது. 104 ரன் மிச்சம். ஆனால் 82 வெற்றி, 80 தோல்வி, நேஷனல் லீக் மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம், பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் தொடர்கள்) கிடையாது. அதே பிரிவில் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் எடுத்தது 746, கொடுத்தது 761. 15 ரன் பற்றாக்குறையோடு 84-78 என முடித்து, கடைசி வைல்டு கார்டு இடத்தை (பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கான பிளேஆஃப் இடம்) பிடித்து, இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரை போய்விட்டது.

பாட்ரெஸிடம் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹுவான் சோட்டோ 162 ஆட்டமும் ஆடி 35 ஹோம் ரன், 132 வாக் (நான்கு தவறான பந்தால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்). பிட்சர் பிளேக் ஸ்னெல் 2.25 ஈ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக, ஃபீல்டிங் பிழையில்லாமல் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சரான குளோசர் ஜாஷ் ஹேடரின் ஈ.ஆர்.ஏ. 1.28. நட்சத்திர பேட்டர்கள் மச்சாடோ, போகார்ட்ஸ், தத்தீஸ் வேறு.

இது வெறும் அதிர்ஷ்டமா, அணியிலேயே கோளாறா? சீசன் பாதியில் இருக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க என்ன கணக்குப் போட வேண்டும்? கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்ப்பதுபோல இங்கே ரன் வித்தியாசத்துக்கு மதிப்பே கிடையாதா?

---

ஸ்கோர்கார்டு

கடைசிக் கேள்விக்கு முதலில். ரன் வித்தியாசத்துக்குத் தரவரிசையில் எந்த இடமும் இல்லை. வெற்றி எண்ணிக்கை சமமானால் முதலில் அந்த இரு அணிகள் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவைப் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் சொந்தப் பிரிவுக்குள் எடுத்த வெற்றிகள், அப்புறம் மற்றப் பிரிவுகளுக்கு எதிரானவை என்று போகும். ரன் அந்த வரிசையில் வரவே வராது. முன்பெல்லாம் 163-ஆவது ஆட்டம் ஒன்று வைத்துத் தீர்ப்பார்கள். 2022-இல் பிளேஆஃப் 12 அணிகள் ஆனபோது அதை எடுத்துவிட்டார்கள். 2023-இல் ஹூஸ்டனும் டெக்சஸும் 90-72 என்று ஒரே கணக்கில் முடித்தன. நேருக்கு நேர் ஆட்டங்களில் ஹூஸ்டன் 9-4. எனவே பிரிவுப் பட்டம் ஹூஸ்டனுக்கு, வைல்டு கார்டு டெக்சஸுக்கு. அந்த வைல்டு கார்டு அணிதான் கடைசியில் உலகத் தொடரை வென்றது.

ஆக, பட்டியலுக்கு ரன் வித்தியாசம் உதவாது. அணியின் உண்மையான தரத்தை எடைபோட உதவும். அதற்கு பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த பித்தாகரஸ் கணக்கு இருக்கிறது. கால்குலேட்டர் போதும்:

எடுத்த ரன்னை வர்க்கப்படுத்துங்கள்: 752 × 752 = 5,65,504.
கொடுத்த ரன்னை வர்க்கப்படுத்துங்கள்: 648 × 648 = 4,19,904.
இரண்டையும் கூட்டினால் 9,85,408.
முதல் எண்ணை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.574.
அதை 162-ஆல் பெருக்கினால் 93 வெற்றி.

வர்க்கத்துக்குப் பதில் 1.83 அடுக்கு போட்டால் கொஞ்சம் துல்லியம் கூடும். அப்படிப் பார்த்தால் 92. கிடைத்தது 82. பத்து வெற்றி காணாமல் போயிருக்கிறது. அரிசோனாவுக்கு அதே கணக்கில் 79.5 வருகிறது, கிடைத்தது 84. இன்னும் வேடிக்கை மயாமி மார்லின்ஸ்: 666 எடுத்து 723 கொடுத்த அணி, கணக்குப்படி 75, கிடைத்தது 84, பிளேஆஃபும் கிடைத்தது.

இவ்வளவு கணக்குப் போட நேரமில்லை என்றால், 10 ரன் மிச்சத்துக்கு ஒரு வெற்றி என்று வைத்து 81-உடன் கூட்டுங்கள். +104 என்றால் 91. −57 என்றால் 75. கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கு, ஆனால் பித்தாகரஸ் விடையிலிருந்து பொதுவாக ஒன்று இரண்டு வெற்றிக்கு மேல் பிசகாது.

---

கர்வ்பால்

மேலே உள்ள கணக்கு எத்தனை வெற்றி தொலைந்தது என்று சொல்லும். எங்கே தொலைந்தது என்று பார்க்க ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களைப் பிரித்து எடுங்க.

2023 பாட்ரெஸ் ஒரு ரன் ஆட்டங்களில் 9-23. அதைக் கழித்தால் மீதி 130 ஆட்டத்தில் 73-57. அந்த வேகத்தை 162-க்கு நீட்டினால் 91 வெற்றி. மார்லின்ஸை எடுங்க: ஒரு ரன் ஆட்டங்களில் 33-14, மீதி 115-இல் 51-64. நீட்டினால் 72. பித்தாகரஸ் கணக்கு சொன்னதையேதான் இதுவும் சொல்லுது, வேறு கதவு வழியா.

ஒரு ரன் ஆட்டத்தில் நல்ல அணிகூட பாதிக்குச் சற்று மேலேதான் ஜெயிக்கும். கிளவுக்கு ஒரு விரல் தள்ளிப் போன பந்து, ஒரு ஸ்டிரைக் முடிவு, ஒரு காற்று, இதில் எது மாறினாலும் ஆட்டம் மாறிடும். 32 ஆட்டத்தில் காசு சுண்டினால் சராசரி 16, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமா விலகும் அளவு) 2.8. ஒன்பதோ அதற்கும் குறைவோ விழ வாய்ப்பு நூற்றில் ஒன்று. மோசமாத் தெரியும், ஆனா லீக்கில் 30 அணி இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தருக்கு நடந்தே தீரும். 2023-இல் சீட்டு பாட்ரெஸ் பேரில் விழுந்தது.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் (ஒன்பது இன்னிங்ஸில் சமமாகி நீளும் ஆட்டம்) இன்னும் கொடுமை: 2-12. பாதிப் பாதி போயிருந்தாலே ஐந்து வெற்றி கூட. கடைசி வைல்டு கார்டு எட்டிப்போனது இரண்டே ஆட்டத்தில். ஒரு எச்சரிக்கை: ஒரு ரன் கணக்கையும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் கணக்கையும் கூட்டிடாதீங்க. எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் தோல்வி பலதும் ஒரு ரன் தோல்விதான். அதே தோல்வியை இரண்டு தரம் எண்ணின மாதிரி ஆகும்.

10-ஆவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரைச் சும்மா நிறுத்துகிற விதி 2020-இல் வந்தது, 2023-இல் வழக்கமான சீசனுக்கு நிரந்தரம் ஆனது. பிளேஆஃபில் கிடையாது. அந்த நிலையில், யாரும் அவுட் ஆகாதபோது, அந்த இன்னிங்ஸில் சராசரியா 1.1 ரன் வரும். குறைந்தது ஒரு ரன் வர வாய்ப்பு 61 சதவீதம் அளவில். பண்ட் ஆடி (பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட் ஆகி) ரன்னரை மூன்றாம் பேஸுக்கு அனுப்பினா சராசரி 0.95 ஆகக் குறையும், ஆனா ஒரு ரன்னாவது வர வாய்ப்பு 66 பக்கம் ஏறும். அதனால் வெளியூர் அணி முதலில் ஆடும்போது பண்ட் ஆடுவது வீண். எதிரணியை ரன் இல்லாமல் நிறுத்திவிட்டு உள்ளூர் அணி ஆட வருகிறதா, ஒரே ரன் போதும், அப்போது பண்ட் சரி. அதுவும் ஆடுகிறவருக்கு ஒழுங்கா பண்ட் வைக்கத் தெரிந்தால். முதல் ஸ்டிரைக்கில் ஃபவுல், இரண்டாவதிலும் ஃபவுல், மூன்றாவதில் அடித்து ஆடி ஸ்டிரைக் அவுட் என்று போனா இரண்டும் இல்லை.

---

மூன்றாம்_பேஸ்

முழுக்க அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போவதை ஒப்புக்கொள்ள முடியாது. பத்து வெற்றியில் ஏழெட்டு சீட்டு விழுந்த விதம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் அணியைக் கட்டிய விதம்.

இந்த அணி மேலே கனம், கீழே காலி. கேட்சர் ஆஸ்டின் நோலாவின் பேட்டிங் சராசரி .146. டி.எச். (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும்) இடத்துக்கு எடுத்த மேட் கார்பென்டர் .176. அதே இடத்துக்கு வந்த நெல்சன் க்ரூஸை ஜூலைத் தொடக்கத்திலேயே விடுவித்துவிட்டார்கள். முதல் நான்கு பேர் சேர்ந்து ஆடும் நாளில் எட்டு, பத்து ரன் வரும். ரன் வித்தியாசம் அங்கே வீங்கும். 3-3 என்று நிற்கும் எட்டாவது இன்னிங்ஸில் ஏழு, எட்டு, ஒன்பதாவது ஆட்கள் வரும்போது மாற்றி இறக்க பெஞ்சில் ஆள் இல்லை. நெருக்கமான ஆட்டத்தில் ஒரு அணியின் கடைசி ஐந்து பேர்தான் வெளியே தெரிவார்கள்.

புல்பென்னும் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்குப் பின் வீசும் ரிலீவர்கள்) அப்படியே. ஹேடர் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும், அதுவும் மூன்று அவுட்டுக்கு மேல் இல்லை. அவருக்கு முன்னால் எட்டாவதைப் பார்க்க வேண்டிய ராபர்ட் சுவாரெஸ் முழங்கைக் காயத்தால் ஜூலை வரை வரவில்லை. அதனால் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஓட்டை. 1.28 ஈ.ஆர்.ஏ. குளோசர் இருந்து என்ன பயன், முன்னிலை அவர் கைக்கு வந்து சேரவே இல்லை என்றால்? எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போனால் அவர் ஏற்கெனவே வீசி முடித்திருப்பார். பத்தாவதில் ஐந்தாம் ஆறாம் தர ரிலீவர் வருவார், இரண்டாம் பேஸில் ரன்னர் நிற்கும்போது.

காயங்கள் எல்லா அணிக்கும் உண்டு என்பது சரிதான். ஆனால் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) ஜோ மஸ்க்ரோவ் சீசன் தொடங்கும் முன் எடைப் பயிற்சியில் கெட்டில்பெல் காலில் விழுந்து பெருவிரல் உடைந்து தாமதமாக வந்தார்; வந்து 17 ஆட்டம் வீசி, 10-3, ஈ.ஆர்.ஏ. 3.05, ஜூலைக் கடைசியில் தோள்பட்டை போய் சீசன் முடிந்தது. தத்தீஸ் ஊக்கமருந்துத் தடை முடிந்து வந்ததே ஏப்ரல் 20-ஆம் தேதி. நல்ல ஸ்டார்ட்டர் ஏழு இன்னிங்ஸ் வீசும் நாளில் புல்பென் ஓட்டை தெரியாது. அவர் இல்லாத நாளில் ஐந்தாவதிலேயே தெரியும்.

---

ஸ்கோர்கார்டு

கீழ்வரிசை பலவீனம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அதே பலவீனம் மற்ற 130 ஆட்டத்திலும் இருந்தது, அங்கே 73-57 வந்தது. புல்பென் ஓட்டை வாதம்தான் வலுவானது.

அடுத்த வருடத்தையும் வைத்துப் பாருங்கள். சோட்டோவை யாங்கீஸுக்கு விற்றார்கள், ஸ்னெல்லும் ஹேடரும் போய்விட்டார்கள், மேனேஜர் பாப் மெல்வினுக்குப் பதில் மைக் ஷில்ட். 2024 பாட்ரெஸ் 93-69. மேலே போட்ட கணக்கில் வந்த அதே 93. எண் அப்படியே பொருந்தியது தற்செயல். திசை தற்செயல் இல்லை. மார்லின்ஸ் 2024-இல் 62-100. அதில் பிட்சர் சான்டி அல்காந்தரா அறுவை சிகிச்சையால் முழு வருடமும் வீசாததும், பேட்டர் லூயிஸ் அரைஸை மே மாதமே பாட்ரெஸுக்கு மாற்றிவிட்டதும் சேரும். ஆக நூறு தோல்வியையும் ஒரு ரன் ஆட்டக் கணக்கில் எழுத வேண்டாம்.

---

ரிலீவர்_எட்டு

அரிசோனா பக்கம் யாரும் பேசவில்லை. −15 என்பது மார்ச் 30 முதல் அக்டோபர் 1 வரை ஆடிய எல்லாருடைய கூட்டுக்கணக்கு. அக்டோபரில் ஆடியது அந்த அணியே இல்லை.

ஜூலை 31-இல் சியாட்டிலிலிருந்து குளோசர் பால் சீவால்டை வாங்கினார்கள். கொடுத்தது ஜாஷ் ரோஹாஸ், டொமினிக் கன்சோன், ரையன் பிளிஸ். வேறு அணி கைவிட்ட ரையன் தாம்சனை ஆகஸ்டில் எடுத்தார்கள். கெவின் கிங்கல், தாம்சன், சீவால்ட் என்று ஏழு, எட்டு, ஒன்பதாவது இன்னிங்ஸ் ஓட்டையைத் தைத்தாயிற்று. பாட்ரெஸுக்கு இல்லாதது இதுதான்.

அடுத்தது ஸ்டார்ட்டர் எண்ணிக்கை. வழக்கமான சீசனில் ஏறத்தாழ 186 நாளில் 162 ஆட்டம். ஐந்து ஸ்டார்ட்டர் இல்லாமல் வண்டி ஓடாது, நான்காவதும் ஐந்தாவதும் கொடுக்கும் ரன் எல்லாம் கணக்கில் ஏறும். பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள். ஸாக் கேலன், மெரில் கெல்லி, பிராண்டன் ஃபாட் மூன்று பேரை வைத்தே பெரும்பாலும் ஓட்டிவிட்டார்கள். கூடவே ஓட்டம்: சீசனில் 166 பேஸ் திருட்டு (பந்தை அடிக்காமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), கார்பின் கேரல் ஒருவரே 54. அந்த வருடம்தான் பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்ச் கிளாக் (பிட்சர் வீசுவதற்கான நேரக் கெடு) வந்தது, முதல் பேஸுக்குத் திரும்பத் திரும்ப வீசி ரன்னரைத் தடுக்கவும் கட்டுப்பாடு வந்தது. வேகமான அணிக்கு அடித்தது யோகம்.

மில்வாக்கியை 2-0, நூறு வெற்றி எடுத்த டாட்ஜர்ஸை 3-0, பிலடெல்பியாவை 4-3. டெக்சஸிடம் 1-4. மூன்று ஆட்டத் தொடர், ஐந்து ஆட்டத் தொடர் எல்லாம் ரன் வித்தியாசம் பேசும் அளவுக்கு நீளமே இல்லை. சீசனின் கடைசி மூன்று ஆட்டத்தையும் சொந்த மைதானத்தில் ஹூஸ்டனிடம் தோற்றும்கூட இந்த அணி உள்ளே வந்தது, பின்னால் வந்தவர்களும் தோற்றதால். 2024-இல் இதே அரிசோனா 886 ரன், மேஜர் லீக்கிலேயே அதிகம், 89 வெற்றி. மெட்ஸ், பிரேவ்ஸ் இரண்டும் அதே 89, டை-பிரேக்கரில் அரிசோனா வெளியே. கணக்கை நம்பி அழுவதா சிரிப்பதா என்று அரிசோனா ரசிகரிடம்தான் கேட்க வேண்டும்.

---

ஒன்பதாம்_இன்னிங்ஸ்

எல்லாருக்கும் நன்றி. சீசன் நடுவில் பயன்படுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லையே. 45 ஆட்டம் முடிந்ததும் இந்தக் கணக்கைப் போட்டால் நம்பலாமா? 20-2 மாதிரி ஒரு ஆட்டம் எல்லாவற்றையும் கெடுத்துவிடாதா?

---

கர்வ்பால்

45 ஆட்டத்தில் வெறும் வெற்றி சதவீதத்தை நீட்டாதீங்க. 30-15 என்று ஆரம்பித்த அணியை நேராக நீட்டினா 108 வெற்றி வரும், அது நடக்காது. 35 வெற்றி, 35 தோல்வி கற்பனையாச் சேருங்க: 65-ஐ 115-ஆல் வகுத்தால் .565. மீதி 117 ஆட்டத்துக்கு அந்த வேகம் என்றால் 66. கையில் இருக்கும் 30-உடன் சேர்த்து 96. மோசமா ஆரம்பித்த அணிக்கும் இதே முறைதான், கீழிருந்து மேலே இழுக்கும். சீசன் போகப்போக அந்தக் கற்பனை 70 ஆட்டத்தின் பாரம் தானாகக் குறைஞ்சிடும்.

ரன் கணக்கை அந்த நேரத்தில் போடலாம், ஆனா பெரிய ஆட்டங்களைத் தனியா எடுத்து வைங்க. அந்த அணியின் மிகப்பெரிய இரண்டு வெற்றி, மிகப்பெரிய இரண்டு தோல்வி, நாலையும் விட்டுட்டு மறுபடி கணக்குப் போடுங்க. இரண்டு விடையும் பக்கத்தில் இருந்தா நம்பலாம். விலகிப் போனா இன்னும் ஒரு மாதம் பொறுங்க.

பெரிய ஸ்கோர் ஏன் பொய் சொல்லுது என்றால், எட்டு ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கிய அணி பிட்சரைச் சேமிக்க ஃபீல்டரை வீச விடலாம். ஒன்பதாவதில் பத்து ரன் முன்னிலை இருந்தாலும் விடலாம். அப்புறம் வருகிற ஆறு ரன் யாருடைய திறமையும் இல்லை. மைதானமும் பார்க்கணும். 2023 ஏப்ரல் 29-இல் பாட்ரெஸ், ஜயன்ட்ஸ் மெக்சிகோ நகரத்தில் ஆடின ஆட்டம் 16-11. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், காற்று லேசு, பந்து பறந்துட்டே இருக்கும். அந்த 27 ரன்னை வைத்து இரண்டு அணியின் பிட்சிங்கையும் எடைபோட்டா தப்பு.

---

மூன்றாம்_பேஸ்

வர்த்தகக் கெடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், 2023-இல் ஆகஸ்ட் 1) முடிந்த பிறகு கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். மறுநாள் முதல் தனிப் பட்டியல். குளோசரை விற்ற அணியும் வாங்கிய அணியும் பழைய எண்ணில் ஆடுவதில்லை. காயப் பட்டியலையும் கூடவே பாருங்கள்: பிட்சருக்குக் குறைந்தது 15 நாள், மற்றவர்களுக்கு 10. 60 நாள் பட்டியலுக்கு ஒருவரை மாற்றுகிறார்கள் என்றால் 40 பேர் பட்டியலில் ஒரு இடம் காலியாகிறது. யாரையோ எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

---

ஸ்கோர்கார்டு

கையால் போட விருப்பமில்லை என்றால் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அந்த வருடத்தின் விரிவான ஸ்டாண்டிங்ஸ் அட்டவணையைத் திறங்கள். எதிர்பார்த்த வெற்றி தோல்வி தனிப் பத்தியில் இருக்கும், பக்கத்திலேயே 'லக்' என்று ஒரு பத்தி. கிடைத்த வெற்றிக்கும் எதிர்பார்த்த வெற்றிக்கும் உள்ள வித்தியாசம் அது. 2023-க்கு பாட்ரெஸ் −10, மார்லின்ஸ் +9, அரிசோனா +4. இன்னும் வலப்பக்கம் நகர்த்தினால் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ், ஒரு ரன் ஆட்டம் இரண்டும் வரும். கைபேசியில் பார்த்தால் அந்தப் பத்திகள் திரைக்கு வெளியே போய்விடும், படுக்கைவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.